எந்த ஈபிக்குக் காசு கொடுக்கலாம்?

அமெரிக்காவின் கொன்வேர்ஜ் குழுவின் 'பியூட்டிஃபுல் ருயின்' என்ற ஈபி, அதாவது அல்பத்தை விடச் சின்னதான குறும்பதிவு, 2018 ஜூன் கடைசியில், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து விழுந்தது. நாலு பாட்டு. நாலையும் சேர்த்தால் ஏறத்தாழ ஏழு நிமிடம். தாறுமாறான, காதைக் கிழிக்கிற இந்த மெட்டல்கோர் பக்கம் முதல் தடவை எட்டிப் பார்க்கிற ஆளுக்கு, சின்னதாக இருக்கிறதே என்று அதையே தூக்கிக் கொடுத்து விடுகிறார்கள். கிழக்கிலங்கையின் காரைதீவிலிருந்து எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பிக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டு வந்தவன், "அண்ணா, தொடங்க முதல் முடிஞ்சிட்டு. இதுக்குத்தானா நீங்க எல்லாரும் இவ்வளவு கதைச்சீங்க?" என்றான். அவனில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லடியிலும் காரைதீவிலுமாக இருக்கிற நாங்கள் நாலைந்து பேர் மாதாமாதம் காசு சேர்த்து ஒரு பதிவை டிஜிட்டலாக வாங்கி, யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கேட்பது வழக்கம். யூடியூபில் சும்மா கிடக்கிறதை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் வான் பிடித்து ஊர் ஊராகப் போய் டீ-சேர்ட் விற்றுப் பிழைத்தவை. பிடித்ததற்குக் காசு கொடுப்பது எங்கள் கொள்கை. ஆனால் கொள்கைக்கும் ஒரு விலை இருக்கிறது. 2022 இல் இலங்கை ரூபாய் சரிவதற்கு முன் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. ஐந்து டொலர் பதிவென்றால் ஆயிரம் ரூபாய். இன்று டொலரை 300 என்று வைத்துக்கொண்டால் அதே பதிவு 1,500. அந்தக் காசுக்குக் கல்முனையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வரலாம். வைனல் தட்டு பற்றிய பேச்சே வேண்டாம். தட்டின் விலையைத் தபாற்செலவும் வரியும் தின்றுவிடும்.

ஆகவே கேள்வி இதுதான்: தம்பிக்கு விட்டுப்போன ருசியைத் திருப்ப, இந்த மாதக் காசை எந்தக் குறும்பதிவில் போடுவது? அதற்கு முன், அந்த ஏழு நிமிடம் ஏன் சப்பென்று போனது என்று தெரிய வேண்டும். காரணம் பிடிபடாவிட்டால் அடுத்ததும் அதே கதைதான்.

நீளம் காரணமில்லை. கொன்வேர்ஜே அதற்குச் சாட்சி. 2001 இல் வந்த 'ஜேன் டோ' அல்பத்தின் முதற்பாட்டு 'கொன்கியூபைன்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஆனால் அதைக் கேட்டு யாரும் ஏமாறவில்லை. கதவை உதைத்துத் திறக்கிற வேலை அதற்கு. உதைத்த பிறகு உள்ளே போக ஒரு முழு வீடே இருக்கிறது. அந்த அல்பம் பன்னிரண்டு பாட்டு, முக்கால் மணித்தியாலம். கடைசிப் பாட்டு மட்டும் பதினொரு நிமிடத்தைத் தாண்டி மெதுமெதுவாக எரிகிறது. 'பியூட்டிஃபுல் ருயி'னில் நாலு பாட்டும் கதவை உதைக்கின்றன. உள்ளே போக வீடு இல்லை. எதுவும் மூன்று நிமிடத்தைத் தொடுவதில்லை, நாலும் ஒரே சூடு, ஒரே வேகம். பென் கொல்லரின் ட்ரம்ஸ் வழமைபோல் பேய் அடி. கேர்ட் பலூவின் கிற்றார் ஒலி, அவருடைய சொந்த ஸ்டுடியோவில் எடுத்தது, இன்றும் பலர் பார்த்துப் பழகுகிற ஒலி. வேலைத்திறனில் குறை சொல்ல ஆளில்லை. வேகம் எதிலாவது மோதினால்தான் வேகம் என்று காதுக்குத் தெரியும். இதில் மோத ஒன்றுமே வைக்கவில்லை.

இந்தப் பாட்டுகள் 2017 நவம்பரில் வந்த 'த டஸ்க் இன் அஸ்' அல்பத்துக்காகப் பதிவு செய்த நாட்களில் எடுத்தவை. அல்பத்துக்குள் போகாதவை பிறகு ஈபியாக வந்தன. இதைக் கேட்டதும் "ஓ, மிச்சம் மீதி" என்று எங்களில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. அதே பதிவில் எடுத்த 'ஈவ்' என்ற நீண்ட பாட்டும் அல்பத்தில் இல்லை. 2017 இல் ஒரு ஏழங்குலத் தட்டின் பின்பக்கமாக வந்தது. அந்த அல்பத்துக்குள் இருக்கிற பல பாட்டுகளை விட அது எனக்குப் பெரிது. மிச்சம் என்பது குற்றமில்லை. மிச்சத்தில் நாலை எடுத்து அடுக்கும்போது நாலும் ஒரே முகமாக இருந்தால்தான் குற்றம். 'ஈவ்' ஒன்றை அந்த நாலுக்கு நடுவில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

நீளம் காரணமில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி டிலிஞ்சர் எஸ்கேப் பிளானின் 'அண்டர் த ரன்னிங் போர்ட்'. நியூ ஜேர்சிக்காரர்கள். 1998 இல் ரிலாப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மூன்று பாட்டு, அதுவும் ஏழெட்டு நிமிடம்தான். ஆனால் அது முடியும்போது ஒரு முழு அல்பம் கேட்ட களைப்பு வரும். நிறுத்தம், திருப்பம், மறுபடி ஒரு நிறுத்தம், எதிர்பாராத மூலையிலிருந்து அடி. ஏழு நிமிடத்துக்குள் ஒரே மாதிரி இரண்டு இடம் கிடையாது. ஒரு வருடம் கழித்து வந்த 'கல்குலேட்டிங் இன்ஃபினிற்றி' அல்பத்தின் கரு முழுக்க இதற்குள் இருக்கிறது. தம்பிக்கு இதை வாங்கலாமா என்று யோசித்தோம். என் எண்ணம்: இரண்டாவதாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம். ஒலிப்பதிவு பச்சை; பழக்கமில்லாத காதுக்கு எல்லாம் ஒரே குழம்பாகத்தான் கேட்கும்.

இந்தக் குழம்பு பற்றி ஒரு வார்த்தை. எங்களில் ஒருவர் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மிருதங்கம் படித்தவர். இந்தப் பாட்டுகளை அவருக்கு முதன்முதல் போட்டுக் காட்டியபோது முகம் சுளிக்கவில்லை, பிளாஸ்டிக் கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டத் தொடங்கினார். "தகதகிட, தகதகிட" என்று ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போய், "மச்சான், கிற்றார்க்காரன் அஞ்சில போறான், சிம்பல்காரன் நாலிலதான் நிக்கிறான். இருபதாவது அடியில ரெண்டு பேரும் சந்திப்பாங்க, பார்" என்றார். சந்தித்தார்கள். கேட்கிறவருக்குக் கலவரம், அடிக்கிறவருக்குக் கணக்கு. தாளக் கணக்கு தெரிந்தவர்கள் இந்த இசைக்குள் நுழைய நாங்கள் பட்ட பாடு பட வேண்டியதில்லை. ஐந்தும் ஏழும் அவர்களுக்குப் புதிதில்லை. கர்நாடக இசைக்காரர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்துவார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கதிரைக் கைப்பிடியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அந்த மிருதங்கக்காரருக்குப் பிடித்தது டிலிஞ்சரின் இன்னொரு ஈபி, 2002 இல் வந்த 'ஐரனி இஸ் அ டெட் சீன்'. இதன் கதை கொஞ்சம் விசித்திரம். குழுவின் முதல் பாடகர் டிமிட்ரி மினாக்காக்கிஸ் 2001 இல் விலகிவிட்டார். அடுத்த பாடகர் கிரெக் புசியாட்டோ வந்து சேர்வதற்கு இடைப்பட்ட காலத்தில், ஃபெய்த் நோ மோர், மிஸ்டர் பங்கிள் குழுக்களின் பாடகர் மைக் பற்றனை வைத்து இதைச் செய்தார்கள். நாலு பாட்டு, ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். கடைசிப் பாட்டு, அஃபெக்ஸ் ட்வின் 1997 இல் கணினியில் செய்த 'கம் டு டடி'யை மனிதக் கைகளால் அடித்துக் காட்டுகிற முயற்சி. கணினி செய்த கூத்தை நாலைந்து ஆட்கள் வாத்தியத்தில் செய்வது சும்மா வேலையில்லை.

பற்றன் இதில் கத்துகிறார், முணுமுணுக்கிறார், இழுத்துப் பாடுகிறார், விலங்கு மாதிரி உறுமுகிறார். அவருக்கு எத்தனை குரல் இருக்கிறதோ அத்தனையும் பதினெட்டு நிமிடத்துக்குள். ஒரு பிற்பகல் கல்லடி வீட்டில் இதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து அம்மா வந்து, "என்ன மனே, கரண்ட் ஏதும் ஷோர்ட் ஆகிட்டா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். அந்தக் கேள்வி அவ்வளவு தவறில்லை. எனக்கு இந்தப் பதிவில் உள்ள குறை வேறு: இது டிலிஞ்சர் பதிவா, பற்றன் பதிவா என்று கடைசி வரை தெரியாது. பற்றனை ஏற்கெனவே நேசிக்கிறவருக்கு இது விருந்து. தெரியாதவருக்குக் குழுவின் முகமே தெரியாமல் போகும். புதிதாக வருகிற ஆளுக்கு முதற்சாப்பாடாக இதை வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மிருதங்கக்காரர் இதை எழுதுகிற நேரம் வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் வாக்கு பொட்ச்சுக்கு. வொஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரத்துக் குழு. 1999 இல் 'வி ஆர் த ரோமன்ஸ்' என்ற அல்பத்தால் இந்த வகை இசையின் வழியையே திருப்பியவர்கள். 2002 ஜூனில் குழு கலைந்தது. அதே வருடம் ஒக்டோபரில், கலைந்த பிறகு, 'அன் அந்தொலஜி ஒஃப் டெட் எண்ட்ஸ்' வந்தது. ஆறு பாட்டு. பாட்டுகளுக்குப் பெயர் வைத்ததே குறும்பு: நாடுகளின் பெயர்களில் ஓரெழுத்தை மாற்றி 'ஸ்பெயிம்', 'ஜப்பாம்', 'ஃபிராம்ஸ்', 'வியட்மாம்', 'அஃப்காமிஸ்தாம்', 'மிக்கராகுவா' என்று. கலைந்து போன குழுவின் கடைசிப் பதிவுக்கு இப்படிப் பெயர் வைக்க ஒரு தெம்பு வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு மிச்சம்தான். குழுவே இல்லாத பிறகு வந்த பதிவு, மேடையேறி விற்றுத் தர ஆளில்லாத பதிவு. 'பியூட்டிஃபுல் ருயி'னை விட மோசமாகத் தோற்றுப்போக இதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. தோற்கவில்லை. ஏனென்றால் அடுக்கு. 'ஸ்பெயிம்' சில விநாடிதான், தொண்டையைச் செருமுவது மாதிரி. அடுத்த மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு நடை. ப்ரையன் குக்கின் பேஸ் கிற்றார் அடியில் சேறாகக் கிடக்க, டேவ் நட்சனின் கிற்றார் மேலே கண்ணாடி உடைகிற மாதிரி ஒலிக்கும். ஐந்தாவதாக 'அஃப்காமிஸ்தாம்' வரும்போது எல்லாம் இறங்கிவிடுகிறது. மெதுவான, நீளமான பாட்டு. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் நிதானமாக மூச்சு விடுகிறார்கள். நாங்கள் கூடிக் கேட்ட இரவில் அந்தப் பாட்டுக்குத்தான் எல்லோரும் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள். அது முடிந்து 'மிக்கராகுவா' அடிக்கும்போது, அதன் உண்மையான கனத்தைப் போல இரண்டு மடங்காகப் படுகிறது. கொன்வேர்ஜின் நாலு பாட்டில் இல்லாமல் போன இறக்கம் இதுதான். கீழே இறங்கியவனுக்குத்தான் மேலேறுவது தெரியும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பொட்ச் பிடித்துப் போனால் பிறகு போக வழி நிறைய. ப்ரையன் குக் பிற்பாடு ரஷன் சேர்க்கிள்ஸ் குழுவில். பாட்டே இல்லாத, கனமான, கற்பனைக்கு இடம் விடுகிற இசை. நட்சன் மைனஸ் த பெயர் குழுவில்; அது இனிமையான கிற்றார் விளையாட்டு, வீட்டில் யாரும் முறைக்க மாட்டார்கள். இருபது வருடம் கழித்து 2022 இல் பொட்ச் மறுபடி ஒன்றுசேர்ந்து 'வன் ட்வென்ரி டூ' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள், மேடையும் ஏறினார்கள். ஒரு ஈபியை வாங்கினால் ஒரு மரத்தையே வாங்கின மாதிரி.

நொக்ட் லூஸின் 'எ டெயர் இன் த ஃபப்ரிக் ஒஃப் லைஃப்' பற்றியும் சொல்ல வேண்டும், இளசுகள் அதைத்தான் கேட்கிறார்கள். கென்டக்கிக் குழு, 2021 ஒக்டோபரில் வந்தது, ஆறு பாட்டு, இருபத்தொரு நிமிடம். இது தொடர்கதை. ஒருவன் கார் ஓட்டிப் போகிறான், விபத்து, கூட வந்த காதலி இறக்கிறாள், பிறகு அவன் மனம் போகிற வழி. கூடவே ஓர் அனிமேஷன் படமும் செய்தார்கள். தொடக்கத்தில் கார் வானொலியில் ஒரு பழைய பாட்டு ஓடும்; அது நின்று போகிற இடத்தில் வயிறு பிசையும். ஒலி சுத்தமானது, அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இதுவரை இந்த இசை கேட்டே இராதவருக்கு, கதை கையைப் பிடித்து அழைத்துப் போகும் என்பதால், வாசல் இதுவே இலகு. ப்ரையன் காரிஸின் கீச்சுக் குரலுக்கு மட்டும் பழக வேண்டும். சிலருக்கு ஒருபோதும் பழகாது. பொட்ச்சின் இசை இதைவிடத் தாறுமாறு. தாறுமாறுக்காகத்தானே தம்பி வந்தான், ஆகவே இது பொட்ச்சுக்குப் பிறகுதான்.

எங்களில் ஒருவர் இந்தப் பதிவு ஓடும்போது எழும்பி வெளியே போய்விடுவார். கல்முனை வீதியில் அவர் வீட்டாருக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அதனாலேயே கூடிக் கேட்க வாங்குகிற காசில் இது வராது. தனியே வேண்டியவர் தனியே வாங்கட்டும்.

ஈபியே வேண்டாம், நேராக 'ஜேன் டோ'வை வாங்கிவிடு என்று ஒரு யோசனையும் வந்தது. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊருக்கு முக்கால் மணித்தியாலம் ஒரு நீளமா என்று சொன்னவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஏழு நிமிடத்தில் மனம் விட்ட ஒருவனை அதே குழுவின் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் தள்ளினால் வெறுத்தே போவான். மறுகா பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு ஒப்பீடும் வீண். இந்த இசையில் சிம்பல் ஓயாமல் ஒலிக்கும். தரம் குறைந்த கோப்பில் முதலில் சாகிறது அந்தச் சிம்பல்தான். தண்ணீரில் மணலைக் கரைத்த மாதிரி 'ஷ்ஷ்' என்று ஒரு படலமாகி, கிற்றாரையும் மூடிவிடும். டேற்றா மிச்சம் பிடிக்க ஸ்ட்ரீமிங் செயலியில் தரத்தை அடிமட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டு "ஒரே இரைச்சல்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். 320 கேபிபிஎஸ் என்று வைத்தாலும் இருபது நிமிடத்துக்கு 50 எம்பிக்குள் முடியும். வாட்ஸ்அப்பில் வருகிற இரண்டு கல்யாண வீடியோ அதைவிட அதிகம். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எம்பித்ரீயை விட்டு, தரம் குறையாத ஃபிளாக் கோப்பையே இறக்கிக்கொள்ளலாம். விலை பெரும்பாலும் ஒன்றுதான்.

எங்கே கேட்பது என்பதும் தெரிவை மாற்றும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகிற பஸ்ஸில் கேட்க நினைத்தால் பொட்ச்சின் 'அஃப்காமிஸ்தாம்' அநியாயமாய்ப் போகும், ட்ரைவரின் பாட்டு அதை விழுங்கிவிடும். பஸ்ஸுக்கு 'அண்டர் த ரன்னிங் போர்ட்' போதும். கிரான்குளம் வருவதற்குள் முடிந்து மறுபடி தொடங்கியிருக்கும். இரவில், ஹெட்செட்டில், ஆளரவம் அடங்கிய பிறகு கேட்பதென்றால் பொட்ச். பற்றனைப் பகலில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதும் பாதி ருசி.

'பியூட்டிஃபுல் ருயின்' காசுக்குத் தகாது என்று மட்டும்தான் சொல்கிறேன், கேட்கவே கூடாது என்றில்லை. 'த டஸ்க் இன் அஸ்' அல்பத்தைத் தேயத் தேயக் கேட்டவருக்கு அந்த ஏழு நிமிடம் ஒரு பின்னிணைப்பு. ஸ்ட்ரீமிங்கில் 17 எம்பி. அதற்கு அது சரியான விலை.

இந்த மாதக் காசு பொட்ச்சுக்கு என்று முடிவாகிவிட்டது. அடுத்த மாதத்துக்கு மிருதங்கக்காரர் இப்போதே பற்றனுக்காகப் பங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறார். தம்பி எந்தப் பக்கம் சேர்கிறானோ அந்தப் பக்கம்தான் காசு போகும்.